அறுபத்தைந்து கெஜ அகலம்

அன்புள்ள சார்,

வணக்கம். விளையாட்டுச் சாதனைகள் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் லெஸ் பிரவுன் என்று ஒரு பெயர் வந்தது. அமெரிக்காவில் பிறந்து கனடிய ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) டிஃபென்சிவ் பேக்காக, அதாவது எறிந்த பந்து எதிரணியிடம் சேராமல் காப்பவராக ஆடியவர், எதிரணி எறிந்த பந்தை நடுவில் புகுந்து 87 முறை பறித்தவர், தொழில்முறை ஆட்டத்தில் இதைவிட அதிகம் யாரும் பறித்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

நான் எட்டு வருடமாகக் கனடாவின் ஹாமில்டனில் இருக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி அணியில் அவனும் டிஃபென்சிவ் பேக். கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டான். அடுத்த நாள் வேலையிடத்தில் சொன்னபோது ஒரு நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "சாதனை பால் க்ராஸ் என்பவருடையது, அமெரிக்க லீக்கான என்எஃப்எல்லில் 81. பிரவுன் ஆடியது கனடிய லீக்கான சிஎஃப்எல். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதா?" என்றார்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்கள்தானே வடக்கே வருகிறார்கள்? ரஞ்சியில் ரன் குவித்தவரை டெஸ்டில் குவித்தவரோடு சேர்த்துப் பேசுவோமா? சம்பளமும் பெரிதாக இல்லை என்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை நீங்கள் ஏன் இவ்வளவு உயர்த்தி எழுதுகிறீர்கள்?

இன்னொன்று. பையனின் கோச் அவனை ஓரத்தில் நிற்கிற கார்னர்பேக்கிலிருந்து, எல்லோருக்கும் பின்னால் நிற்கிற சேஃப்டிக்கு மாற்றிவிட்டார். "மேலே போனால் கனடாப் பையன்களுக்கு அந்த இடம்தான், மற்றதெல்லாம் அமெரிக்கர்கள் எடுத்துக்கொள்வார்கள்" என்றாராம். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ரா.
ஹாமில்டன்

அன்புள்ள ரா.,

பையன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 87-ஐயும் 81-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறு அதிகம், ஆகவே பிரவுன் பெரியவர் என்று முடிவுகட்டுவது தப்புதான். என் கட்டுரையின் அந்த வரி அப்படி ஒலித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் தராசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு தட்டைக் கீழே அழுத்திவிட்டார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ரஞ்சி உவமையிலிருந்தே தொடங்கலாம். ரஞ்சியும் டெஸ்டும் ஒரே ஆட்டத்தின் இரண்டு படிகள். அதே 22 கெஜம், அதே பதினொரு பேர், அதே சட்டம். மேலே போனால் பந்துவீச்சு கூர்மையாகும், அவ்வளவுதான். என்எஃப்எல்லும் சிஎஃப்எல்லும் அப்படி இல்லை. அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வளர்ந்த வீடு வேறு. அமெரிக்க மைதானம் 100 கெஜம் நீளம், 53 கெஜத்துக்குக் கொஞ்சம் மேல் அகலம். கனடாவில் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம். இரண்டு முனையிலும் இருக்கிற, பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய எண்ட் ஸோன் அங்கே 10 கெஜ ஆழம், இங்கே 20. எல்லாம் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: அங்கே 6,400 சதுர கெஜம், இங்கே 9,750. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம். அதைக் காக்க இங்கே கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஓர் ஆள், பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு.

இந்தக் கூடுதல் இடத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது? முன்வரிசையில் முட்டி மோதுகிற கனத்த ஆட்களுக்கு மைதானம் அகலமாக இருந்தால் என்ன, குறுகலாக இருந்தால் என்ன? அவர்கள் சண்டை மூன்று கெஜத்துக்குள் முடிந்துவிடும். பாரம் முழுக்க டிஃபென்சிவ் பேக்குகளுக்குத்தான். பந்து மைதானத்தின் ஒரு பக்கமாகக் கிடந்தால், மறுபக்கம் பிரவுன் காலத்தில் நாற்பது கெஜத்துக்கு மேல் வெறும் புல்வெளி. அந்த ஓரத்தில் ஒரு கார்னர்பேக் தனியாக நிற்பார்.

அதோடு இன்னொரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பந்து உயிர்பெறுகிற நொடியில் ரிசீவர்கள், அதாவது எறிகிற பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள், அசையாமல் நிற்க வேண்டும். ஒரே ஒருவர் பக்கவாட்டில் நகரலாம், முன்னோக்கி ஓடக் கூடாது. கனடாவில் பின்னால் நிற்கிற ரிசீவர்கள் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு கெஜம் தள்ளியிருந்தே ஓட்டமெடுக்கலாம். பந்து கிடக்கிற கோட்டை மட்டும் முன்னதாகத் தாண்டக் கூடாது. பந்து அசையும்போது அந்த ஆள் முழு வேகத்தில் இருக்கிறார். எதிரே நிற்கிற டிஃபென்சிவ் பேக் அப்போதுதான் பின்காலில் எடையை மாற்றுகிறார். இந்த முன்னோட்டத்துக்கு வாகிள் என்று பெயர். அமெரிக்கக் கல்லூரியில் நான்கு வருடம் பெரிய பெயரெடுத்த பையன்கள் இங்கே முதல் பயிற்சி முகாமில் திணறுவது இதில்தான்.

நானும் ஹாமில்டனில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன், பழைய ஐவர் வின் ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரத்தில். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 2012-இல் மூடி இடித்துவிட்டார்கள், இப்போதைய ஸ்டேடியம் அதே இடத்தில் எழுந்ததுதான். வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்ற மைதானம் அது. ஆட்ட நாளில் தெருக்காரர்கள் தங்கள் முன்புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். நான் இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், எஃகு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் துணையாகப் போகப்போய்த்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு ருசி ஏற்பட்டது. எல்லோரும் நடுவில் இடம் தேடுவார்கள். அவர் எண்ட் ஸோனுக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சுக்குக் கூட்டிப்போவார். "பந்தைப் பார்க்காதே. அந்த ஹாஃப்பேக்கின் காலைப் பார்" என்பார். ஹாஃப்பேக் என்பது கார்னருக்கு உள்பக்கமாக நிற்கிற டிஃபென்சிவ் பேக்.

பார்த்தேன். அக்டோபர் மாதம், ஏரிக்காற்று. ஹாஃப்பேக் ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார். முழங்கால் கொஞ்சம் மடங்கி, கைகள் தளர்ந்து. எதிரே ஒரு ரிசீவர் ஓடிவர ஆரம்பித்துவிட்டார். இவர் திரும்பி ஓடவில்லை, அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி அடிவைக்கிறார், சின்னச் சின்ன அடிகளாக. ரிசீவர் வலது தோளைச் சாய்க்கிறார். இவர் அசையவில்லை. தலையைத் திருப்புகிறார். அப்போதும் இல்லை. அப்புறம் ஒரு கணம் ரிசீவரின் இடுப்பு உள்பக்கம் திரும்பியது. அந்தக் கணத்தில் இவருடைய இடுப்பும் கதவு திறக்கிற மாதிரி ஒரே வீச்சில் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே ஆளின் நிழல்போல எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. பந்தெறிகிறவரான குவார்ட்டர்பேக் அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு எறிந்துவிட்டார். ஸ்டேடியம் முழுக்க வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. பெரியவர் மட்டும் என் தொடையில் தட்டினார்.

தோள் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது. கபடியில் ரைடரின் மேலுடம்பை விட்டுவிட்டுக் காலையே பார்க்கிற நல்ல கார்னர் ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கல்விதான். ஒரு டிஃபென்சிவ் பேக்கின் நல்ல நாள் பெரும்பாலும் இப்படித்தான் கழியும், ஒன்றுமே நடக்காமல். புள்ளிவிவரத்தில் அதற்கு இடம் கிடையாது. எதிரணியின் பந்தைப் பறிக்கிற இன்டர்செப்ஷன் எப்போதாவது வருகிற அறுவடை.

அந்த அறுவடையை ஒருவர் 87 முறை எடுத்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது யோசியுங்கள்.

லெஸ் பிரவுன் 1959 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் லிவர்பூலில் பிறந்தவர். ஒஹாயோ ஆற்றங்கரையில், பீங்கான் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்போன சின்ன ஊர். படித்து ஆடியது கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். 1984-இல் உங்கள் ஊருக்கு, ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் அணிக்கு வந்தார். ஐந்து பருவம் அங்கே. 1989 முதல் 1991 வரை வினிபெக். 1992-இல் ஆட்டவா. 1993, 1994-இல் வான்கூவரின் பிசி லயன்ஸ். அத்துடன் முடித்துக்கொண்டார். பதினொரு பருவம், நான்கு ஊர்.

அந்தப் பதினொரு வருடத்தில் அவர் இருந்த அணிகள் ஐந்து முறை லீக்கின் கோப்பையான கிரே கப் இறுதிக்குப் போயின. 1984-இலும் 1985-இலும் ஹாமில்டன் தோற்றது. வந்த முதல் இரண்டு வருடமும் கடைசிப் படியில் சறுக்கல். 1986-இல் அதே ஹாமில்டன் இறுதிக்கு வந்த கதையே தனி. அப்போது கிழக்குப் பிரிவு இறுதி இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளியை வைத்து முடிவாகும். டொராண்டோவிடம் முதல் ஆட்டத்தில் 31–17 என்று தோற்று, இரண்டாவதில் 42–25 என்று ஜெயித்து, கூட்டிப் பார்த்தால் 59–56. மூன்றே புள்ளியில் தப்பித்து வந்த அணி, எட்மண்டனை இறுதியில் 39–15 என்று நொறுக்கியது. பாதி ஆட்டம் முடிந்தபோதே 29–0. 1990-இல் வினிபெக் அதே எட்மண்டனை 50–11 என்று சாய்த்தது. அந்தப் பருவம்தான் பிரவுனின் உச்சம்: ஒரே வருடத்தில் 14 இன்டர்செப்ஷன். சிஎஃப்எல்லில் ஒரு பருவத்தில் இதைவிட அதிகம் பறித்தவர் ஒருவர்தான், 1972-இல் 15 பறித்த அல் பிரென்னர். அவரும் அமெரிக்கர், அவரும் ஹாமில்டன்காரர்.

மறு வருடம் இறுதி ஆட்டம் வினிபெக்கின் சொந்த மைதானத்திலேயே நடந்தது, ஆனால் வினிபெக் அணி அதில் இல்லை. கிரே கப் வரலாற்றில் அதைவிடக் குளிரான நாள் இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே 16, 17 டிகிரி. டொராண்டோவின் ராக்கெட் இஸ்மாயில் உதைத்த பந்தைப் பிடித்து 87 கெஜம் ஓடிக் கோட்டைத் தொட்டார், கால்கரி 36–21 என்று தோற்றது. பிரவுனின் சாதனை எண்ணும் 87 என்பதால் இந்த ஓட்டம் எனக்கு மறப்பதே இல்லை.

கடைசியாக 1994. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிஎஃப்எல் அப்போது அமெரிக்க நகரங்களிலும் அணிகளைத் தொடங்கியிருந்தது. கனடிய அணிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்களை ஆடவைத்தே ஆக வேண்டும், அமெரிக்க அணிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பால்டிமோர் அணி முழுக்க அமெரிக்கர்களோடு, முதல் வருடத்திலேயே இறுதிக்கு வந்துவிட்டது. கோப்பை முதல்முறையாக எல்லை தாண்டிப் போய்விடுமோ என்று நாடு முழுக்க ஒரு பதற்றம். எதிரே பிசி லயன்ஸ். ஆட்டம் 23–23 என்று நிற்கிறது. லயன்ஸின் லூயி பஸாக்லியா, வான்கூவரிலேயே பிறந்து வளர்ந்தவர், 37 கெஜத்திலிருந்து உதைத்துத் தவறவிட்டார். பந்து திரும்பக் கைக்கு வந்தது. கடைசி உதை, 38 கெஜம். உள்ளே போனது. 26–23. கோப்பை கனடாவிலேயே தங்கியது. அதைக் காத்துக்கொடுத்த அணியில் ஒஹாயோவில் பிறந்த லெஸ் பிரவுனும் இருந்தார். அவருடைய கடைசிப் பருவம் அது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு நாட்டின் ஆட்டத்தை ஆடியவர், அந்த நாட்டின் கோப்பைக்காகத் தன் சொந்த நாட்டு அணியை எதிர்த்து நின்று விடைபெற்றார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1986, 1990, 1994, அவர் அணிகள் ஜெயித்த மூன்று இறுதியும் ஒரே மைதானத்தில் நடந்தவை, வான்கூவரின் பிசி பிளேஸில். மூன்று வேறு அணிகள், நான்கு வருட இடைவெளிகள், ஒரே புல்தரை. அதுவும் செயற்கைப் புல்.

சரி, உங்கள் நண்பரின் தராசுக்கு வருவோம். க்ராஸ் மகத்தானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாஷிங்டனில் தொடங்கி மினசோட்டாவில் முடித்தார், 1964 முதல் 1979 வரை பதினாறு பருவம். வந்த முதல் வருடமே 12 பறித்தவர். அவர் காலத்தில் என்எஃப்எல் பருவத்துக்கு 14 ஆட்டம், கடைசி இரண்டு வருடம் 16. ஒன்று விடாமல் ஆடியிருந்தாலும் 228 ஆட்டம்தான். பிரவுன் காலத்தில் இங்கே முதல் இரண்டு பருவம் 16, அப்புறம் 18. அவர் ஒன்று விடாமல் ஆடியிருந்தால் 194. குறைந்த ஆட்டத்தில் அதிகம் பறித்திருக்கிறார்.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கனடாவில் பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புதான், அமெரிக்காவில் நான்கு. மூன்றே வாய்ப்பு என்பதால் இங்கே பந்தைக் காற்றில் எறிந்தே ஆக வேண்டும். எறிவது அதிகம் என்றால் பறிக்கிற சந்தர்ப்பமும் அதிகம். பிரவுனுக்கு அந்த அனுகூலம் இருந்தது. ஆனால் அதே காரணத்தால் அடிபடுகிற சந்தர்ப்பமும் அதிகம். அவர் ஆடிய கடைசி ஐந்தாறு வருடம் சிஎஃப்எல் பந்தெறிதலின் பொற்காலம். 1991-இல் டக் ஃப்ளூட்டி ஒரே பருவத்தில் 6,619 கெஜம் எறிந்தார். 1994 ஜூலையில் மாட் டனிகன் ஒரே ஆட்டத்தில் 713 கெஜம். 713! எதிரே நின்ற டிஃபென்சிவ் பேக்குகள் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்? அந்த மழையில் நனைந்துகொண்டுதான் பிரவுன் 87 பறித்தார். ஒரு எண்ணை வைத்து அவரைக் க்ராஸுக்கு மேலேயும் தூக்க முடியாது, கீழேயும் தள்ள முடியாது. அவர் ஆடிய மைதானத்தில் அவருக்கு மேல் யாரும் இல்லை. அடுத்த இடத்தில் இருப்பவர்கள் லாரி ஹைபாவும் பேரன் மைல்ஸும், ஆளுக்கு 66. இரண்டு பேருமே அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். இடைவெளி 21. என்எஃப்எல்லில் க்ராஸுக்கும் அடுத்தவரான எம்லென் டனலுக்கும் நடுவே இடைவெளி இரண்டுதான்.

"இடம் கிடைக்காதவர்கள்" என்ற சொல் எனக்கு உறுத்தியது. பலருக்குக் கிடைக்கவில்லைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் அப்படி வந்தவர்கள் இல்லை. ஜானி பிரைட் என்ற கறுப்பின வீரரை 1952-இல் என்எஃப்எல்லின் பிலடெல்பியா அணி, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. முந்தின வருடம் கல்லூரி ஆட்டம் ஒன்றில், பந்து கையில் இல்லாதபோதே எதிரணிக்காரர் அவர் தாடையை அடித்து உடைத்திருந்தார். புகைப்படமாகவே பதிவான அடி அது. தெற்கத்தி வீரர்கள் நிறைந்த லீக்கில் தன்னை எப்படி நடத்துவார்களோ என்று யோசித்த பிரைட், கனடாவைத் தேர்ந்தெடுத்தார். மேலே சொன்ன இஸ்மாயிலை எடுத்துக்கொள்ளுங்கள், 1991-இல் என்எஃப்எல்லின் முதல் தேர்வாக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது டொராண்டோவில் கையெழுத்திட்டார். இவர்கள் இருவரும் டிஃபென்சிவ் பேக்குகள் இல்லை. ஆனால் வடக்கே வருகிற பாதை ஒன்றே ஒன்று இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

டிஃபென்சிவ் பேக்தான் வேண்டும் என்றால் கார்னி ஹென்லி இருக்கிறார். தெற்கு டகோட்டாவின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். 1960-இல் என்எஃப்எல் அணியான கிரீன் பே அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் அணியில் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் நண்பரின் கணக்கில் கழிக்கப்பட்ட ஆள். ஹாமில்டனுக்கு வந்தவர் பதினாறு பருவம் வேறு எங்கும் போகவில்லை. 59 இன்டர்செப்ஷன், நான்கு கிரே கப். 1972-இல் பந்தைப் பறிக்கிறவர் பந்தைப் பிடிக்கிறவராகவும் மாறி, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். நீங்கள் சொன்ன அந்த 'சம்பளம் பெரிதாக இல்லை' என்பது அவர் வாழ்க்கையில் எப்படி ஆனது தெரியுமா? ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 1974-இல் அந்த அணி கனடியப் பல்கலைக்கழகங்களின் சாம்பியன் ஆனது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹென்லி பெயரைச் சொல்லும்போதெல்லாம் தொப்பியை எடுத்துவிட்டுத்தான் பேசுவார்.

கிட்டத்து உதாரணம் டெல்வின் ப்ரோ. நியூ ஆர்லியன்ஸ் பையன். 2006-இல், உங்கள் மகனைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவராக இருந்தபோது, பள்ளி ஆட்டத்தில் கழுத்து முள்ளெலும்பு உடைந்தது. பெரிய கல்லூரியில் இடம் வாங்கி வைத்திருந்தார், ஆனால் மருத்துவர்கள் கடைசிவரை அனுமதி தராததால் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வருடங்கள் போயின. உள்ளூர்ச் சின்ன அணிகளில் ஆடி, 2013-இல் ஹாமில்டன் வந்தார். இரண்டு பருவம் அந்த அகல மைதானத்தில் ஓடினார், இரண்டு கிரே கப் இறுதியில் தோற்றார். 2015-இல் அவர் பிறந்த ஊர் அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கூப்பிட்டு என்எஃப்எல்லில் ஆடவைத்தது. 2018-இல் அவர் திரும்பி வந்தது எங்கே? ஹாமில்டனுக்கு. கழுத்து உடைந்த பையனை நம்பி இடம் கொடுத்த ஊர் அது. அதை வெறும் காத்திருப்பு அறை என்று அவரிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த வாழ்க்கையில் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்கர்களுக்கான இடங்கள் அணியில் இத்தனைதான் என்று எண்ணி வைத்திருப்பதால், ஒவ்வொரு கோடையிலும் அந்த இடங்களைக் குறிவைத்து ஒரு புதுக் கூட்டம் எல்லை தாண்டி வரும். வருகிறவர்களில் மிக அதிகம் பேர் டிஃபென்சிவ் பேக்குகளும் ரிசீவர்களும்தான். போன வருடம் நட்சத்திரமாக இருந்தவர் இந்த ஜூனில் பெட்டியைக் கட்டலாம். பிள்ளைகள் ஒரு நாட்டில் பள்ளிக்கூடம் போக, அப்பா இன்னொரு நாட்டில் வாடகை வீட்டில் இருப்பார். இப்படியொரு வேலையில் பதினொரு வருடம் தாக்குப்பிடிப்பது, அதுவும் நான்கு ஊர்களில் வெவ்வேறு பயிற்சியாளர்களின் நம்பிக்கையைத் திரும்பத் திரும்பச் சம்பாதித்து, சாதாரணக் காரியம் இல்லை. அதனால்தான் உயர்த்தி எழுதினேன், இனியும் எழுதுவேன்.

இப்போது பையன்.

கோச் சொன்னது கொஞ்சம் கடுமையான வார்த்தை, ஆனால் தகவல் சரி. ஆரம்ப இருபத்துநான்கு பேரில் ஏழு பேராவது கனடியர்களாக இருக்க வேண்டும் என்பது நீண்ட காலம் இருந்த விதி. இப்போதும் வேறு வடிவத்தில் தொடர்கிறது. அந்த ஏழு பேரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிற அணிகள் தற்காப்பில் பல நேரம் கண்டுபிடிக்கிற இடம் சேஃப்டி. கார்னரும் ஹாஃப்பேக்கும் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்குப் போகின்றன. இதில் அவனுடைய திறமையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. கோச் அவனைக் கழிக்கவில்லை, அவன் இன்னும் பல வருடம் ஆட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

சேஃப்டி என்றால் என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். கார்னர் ஒரு ஆளைக் காக்கிறார். சேஃப்டி மற்ற நான்கு டிஃபென்சிவ் பேக்குகளையும் காக்கிறார். எல்லோருக்கும் பின்னால் நின்று, ஓடிவருகிறவர்கள் அத்தனை பேரையும் பார்த்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கத்திச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். 2027-இல் மைதானத்தின் நீளத்தை 100 கெஜமாகவும் எண்ட் ஸோனை 15 கெஜமாகவும் குறைக்கப்போவதாக லீக் அறிவித்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அகலத்தைத் தொடவில்லை, அதே 65 கெஜம். பன்னிரண்டு பேர், மூன்று வாய்ப்பு, ஓடிவருகிற ரிசீவர், எல்லாம் அப்படியே. அவன் கற்றுக்கொள்கிறது எதுவும் வீணாகாது.

ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போங்கள். கனடிய ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் உங்கள் ஊரில், அந்த ஸ்டேடியத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. 2002-இல் சேர்க்கப்பட்ட பிரவுனும், 1979-இல் சேர்க்கப்பட்ட ஹென்லியும் வெண்கல முகமாக அங்கே இருக்கிறார்கள். அப்புறம் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது நடுவில் எடுக்காதீர்கள். எண்ட் ஸோனுக்குப் பின்னால் எடுங்கள், விலையும் குறைவு. முதல் கால் பகுதி முழுக்க அவன் பந்தைப் பார்க்கக் கூடாது, சேஃப்டியின் காலை மட்டும் பார்க்க வேண்டும். எத்தனை முறை அவர் இடுப்பு திரும்பியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்ன எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.